பின்ஷோவின் செய்திக்குறிப்புகள்: காட்டுக்குப் பிரசாரம் தேவையா?

ஜனவரி 6, இரவு 9.50

ஒரு தம்பி கேட்டிருப்பதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "எங்கள் ஊர்க் கரட்டில் குவாரி வரப்போகிறது என்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரு வருடமாக மரம், பறவை எல்லாம் கணக்கெடுத்து வைத்திருக்கிறோம். நோட்டீஸ் அடி, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடு என்று சிலர் நச்சரிக்கிறார்கள். எனக்கு இஷ்டமில்லை. அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு முன்பே அவ்வளவு காட்டைக் காப்பாற்றியது அறிவியல்தானே, விளம்பரமா? வேலை சரியாக இருந்தால் அதுவே பேசும்."

பேசாது தம்பி. பேசியிருந்தால் 1897-ல் நடந்தது நடந்திருக்காது.

அந்த வருடம் பிப்ரவரி 22, ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாள். பதவியிலிருந்து இறங்கப் பத்து நாள் இருக்கும்போது ஜனாதிபதி கிளீவ்லாந்து மேற்கு மாநிலங்களில் 13 வனக் காப்பகங்களை ஒரே நாளில் அறிவித்தார். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் ஏக்கர். பரிந்துரைத்தது தேசிய அறிவியல் அகாடமி அமைத்த குழு. தலைவர் ஹார்வர்டின் மரவியல் அறிஞர் சார்ல்ஸ் சார்ஜென்ட். காடுகளை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் அவர்கள். அறிவியலில் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் காட்டோரம் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தவனுக்கும் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனுக்கும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. இனி உள்ளே போகலாமா, விறகு வெட்டலாமா, எதுவும் தெரியாது. மேற்கே கொந்தளித்துவிட்டது. ஜூன் மாதமே காங்கிரஸ், அதாவது அவர்கள் நாடாளுமன்றம், ஒரு சட்டம் போட்டு, அந்தக் காப்பகங்களில் பெரும்பாலானவற்றை அடுத்த மார்ச் வரை நிறுத்தி வைத்தது.

அந்தக் குழுவிலேயே இளையவர், 31 வயது கிஃபோர்ட் பின்ஷோ. காட்டை அறிவிக்கும்போதே அது எதற்கு, யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று உள்ளே வாதாடித் தோற்றவர். மறுவருடம் ஜூலையில் அவர் மத்திய அரசின் வனப்பிரிவுக்குத் தலைவரானார். தோற்ற பாடத்தை அவர் மறக்கவே இல்லை. கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 7, காலை 6.15

பேர் பற்றி ஒரு வரி. கீழே ஒருவர் "பிஞ்சோட்" என்று எழுதியிருக்கிறார். பிரெஞ்சு வழிப் பெயர், கடைசி எழுத்து ஒலிக்காது. பின்ஷோ. பிஞ்சிலேயே பழுத்தவர் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஜனவரி 7, இரவு 10.30

1898-ல் அவர் கைக்கு வந்த பதவியின் நிலைமை இது: வனப்பிரிவு விவசாயத் துறையின் கீழ் இருந்தது, காடுகளோ உள்துறையின் நில அலுவலகத்தின் கையில் இருந்தன. அதாவது வனப்பிரிவிடம் ஒரு ஏக்கர் காடுகூடக் கிடையாது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், கொஞ்சம் பணம், இலவசமாகத் தபால் அனுப்பும் உரிமை. அவ்வளவுதான்.

அந்தத் தபால் உரிமையை வைத்து அவர் செய்ததை நான் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும், ஏனென்றால் அந்தத் தபாலைப் பிரிக்கும் இடத்தில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். தொண்ணூறுகளில் ஈரோட்டுப் பக்கம் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் துணை ஆசிரியர் வேலை. இரவு பத்தரைக்குப் பக்கம் முடிய வேண்டும். பத்தே காலுக்கு ஏதாவது ஒரு விளம்பரம் ரத்தாகி, மூன்றாம் பக்கத்தில் இரண்டு காலம் அகலத்தில் ஆறு அங்குலம் காலியாகக் கிடக்கும். வெளியூர் நிருபரைப் பிடிக்க முடியாது. அப்போது கை தானாகவே வலது பக்கத் தட்டுக்குப் போகும். அங்கே அரசுத் துறைகளிலிருந்து வந்த செய்திக்குறிப்புகள் கிடக்கும். பெரும்பாலானவை "மேற்படி பொருள் தொடர்பாக" என்று தொடங்கி மூச்சுமுட்டும். எப்போதாவது ஒன்று நேராக, சின்ன வாக்கியங்களில், எண்களோடு, தலைப்புக்கே வேலை வைக்காமல் வந்திருக்கும். அதை அப்படியே எடுத்து அந்த ஓட்டையில் வைத்துவிடுவேன். அதை எழுதியவன் யார், ஏன் எழுதினான் என்று அந்த நேரத்தில் யோசித்ததே கிடையாது.

பின்ஷோ அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்ப் பத்திரிகைகளின் அந்த ஆறு அங்குலத்தைப் பார்த்துவிட்டார். பத்திரிகைக்காரர்களையே வேலைக்கு எடுத்தார். அப்படியே அச்சுக்குப் போகும்படி செய்தி எழுத வைத்தார். விவசாயிக்கு ஒரு பட்டியல், மரவியாபாரிக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று என்று முகவரிகளைப் பிரித்து வைத்து, ஆளுக்குத் தக்க தபால். யேல் காலத்து நண்பர் ஹெர்பர்ட் ஸ்மித் எழுத்து வேலைகளைப் பார்த்துக்கொண்டார். பதவியேற்ற சில மாதத்திலேயே, 1898 அக்டோபரில், "சர்க்குலர் 21" போனது: உங்கள் சொந்தக் காட்டை எப்படிப் பராமரிப்பது என்று நாங்கள் வந்து சொல்லித் தருகிறோம், கேளுங்கள். காடில்லாத வனப்பிரிவுக்கு அடுத்தவன் காடு கிடைத்தது. அடுத்த வருடம் வனவியலுக்கு ஓர் அரிச்சுவடி எழுதினார், சட்டைப்பைக்குள் போகிற அளவில். அது லட்சக்கணக்கில் போனது.

ஜனவரி 8, மதியம்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு அக்கா கேட்கிறார்: "அப்படியென்றால் அது வெறும் விளம்பரம்தானே? காடு எங்கே?"

காடு 1905-ல் வருகிறது அக்கா. அந்த வருடம் ஜனவரி தொடக்கத்தில் வாஷிங்டனில் அமெரிக்க வன மாநாடு. மரக் கம்பெனிகள், ரயில்வேக்காரர்கள், சுரங்கக்காரர்கள், பாசனத்துக்காரர்கள், எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தார்கள். வெட்டுகிறவனையே மேடையேற்றி "காடு வேண்டும்" என்று சொல்ல வைத்தது அந்த மாநாட்டின் சாமர்த்தியம். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் வந்து பேசினார். காடுகளை உள்துறையிடமிருந்து எடுத்து விவசாயத் துறைக்கு மாற்றும் மசோதா அப்போது காங்கிரஸில் இருந்தது. ஒரு மாதத்துக்குள், பிப்ரவரி 1, 1905-ல் சட்டமாகிவிட்டது. ஏறக்குறைய 6 கோடி ஏக்கர் பின்ஷோ கைக்கு வந்தது. 1910 வாக்கில் 150 தேசியக் காடுகள், 17 கோடி ஏக்கருக்கு மேல்.

அதே பிப்ரவரி 1-ஆம் தேதி இன்னொன்றும் நடந்தது. விவசாயச் செயலர் ஜேம்ஸ் வில்சன் பின்ஷோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். காட்டை எப்படி நிர்வகிக்க வேண்டும் என்ற கட்டளைக் கடிதம். நலன்கள் மோதும்போது, நீண்ட காலப் பார்வையில் மிகப் பெரும்பான்மையோருக்கு மிகப் பெரிய நன்மை எதுவோ அதன்படி முடிவெடுக்க வேண்டும் என்ற புகழ்பெற்ற வரி அதில்தான் இருக்கிறது. அந்தக் கடிதத்தை வரைந்தது யார் என்றால் பின்ஷோவேதான். தனக்கான உத்தரவைத் தானே எழுதி மேலதிகாரியின் கையெழுத்தில் வாங்கிக்கொண்டார். ஊழல் என்று யாரும் சொல்ல முடியாது, அரசு அலுவலகங்களில் வரைவு கீழிருந்துதான் மேலே போகும். ஆனால் அந்த வரியின் சுத்தத்தைப் பாருங்கள். இன்றைக்கும் வனவியல் படிக்கிறவர்கள் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பத்திரிகைக்கு எழுதிப் பழகிய கை.

ஜனவரி 8, இரவு

பேட்ஜ் கதையை விட்டுவிட்டேன். 1905 கோடையில் புதிய வனத்துறைக்குச் சின்னம் தேவைப்பட்டது. போட்டி வைத்தார்கள், வந்தவை எதுவும் சரிப்படவில்லை. அலுவலர்கள் இருவர், ஆலன், ஹாட்ஜ் என்று பெயர், ஒரு ரயில் நிலையத்தில் உட்கார்ந்து கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் யூனியன் பசிபிக் கம்பெனியின் கேடயம் அச்சாகியிருந்தது. ஒருவர் அந்தக் கேடயத்தின் வடிவத்தை எடுத்தார். மற்றவர் சிகரெட் சுருட்டும் தாளில் ஒரு ஊசியிலை மரத்தை வரைந்து, அதைக் கேடயத்தின் மேல் வைத்துப் பார்த்தார். அதுதான் இன்றைக்கும் அவர்கள் சட்டையில் இருக்கிறது. மெல்லிய தாளின் வழியாகக் கேடயத்தின் கோடு தெரிய, நடுவில் மரம் நிற்பதை அந்த இருவரும் முதலில் பார்த்த அந்த நொடியை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

1907-ல் "வனக் காப்பகம்" என்ற பெயரையும் மாற்றி "தேசியக் காடு" ஆக்கினார்கள். காப்பகம் என்றால் பூட்டி வைத்தது போல இருக்கிறது, தேசியக் காடு என்றால் எனக்கும் பங்கு இருக்கிறது என்று தோன்றும். இரண்டு சொல்தான், ஆனால் இரண்டு சொல்லுக்கு எவ்வளவு எடை என்று தலைப்பு வைத்துப் பழகியவனுக்குத் தெரியும்.

ஜனவரி 11

இரண்டு நாள் வரவில்லை. அதற்குள் வாக்குவாதம் முற்றியிருக்கிறது. "எதிர்த்தவர்களை என்ன செய்தார்கள்?" என்ற கேள்வி நல்ல கேள்வி.

ஐடஹோ செனட்டர் வெல்டன் ஹேபர்ன் கடுமையான எதிர்ப்பாளர். தன் மாநிலத்தில் புதிய காப்பகம் கூடாது என்று ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார். அந்தக் கடிதங்களையும் அவற்றுக்கான பதில்களையும் 1905-ல் வனத்துறையின் புல்லட்டினாகவே அச்சடித்து வெளியிட்டுவிட்டார்கள். எதிராளியின் வாதத்தை வெட்டாமல் கொள்ளாமல் ஜனங்கள் முன்னால் வைத்தாயிற்று. படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள் என்பது போல. எத்தனையோ தடவை மறுப்புச் செய்தி போட்டிருக்கிறேன், ஆனால் இந்த வழி எனக்குத் தோன்றியதே இல்லை.

ஹேபர்ன் அடங்கவில்லை. மேற்கத்திய பத்திரிகைகளும் அடங்கவில்லை. டென்வரின் ராக்கி மவுண்டன் நியூஸ், பின்ஷோவை ரஷ்யச் சக்கரவர்த்தியாகவும் வனச்சரகர்களை அவருடைய குதிரைப்படையான கொசாக்குகளாகவும் போட்டு ஒரு கார்ட்டூன் வெளியிட்டது. சும்மா சொல்லக்கூடாது, ஆழமாகத் தைக்கும் கார்ட்டூன். மேய்ச்சலுக்குக் கட்டணம் கட்டச் சொன்ன கோபம் அதில் முழுதாக இருக்கிறது.

1907-ல் ஆறு மேற்கு மாநிலங்களில் காங்கிரஸின் அனுமதி இல்லாமல் ஜனாதிபதி புதிய காடு அறிவிக்கக் கூடாது என்று நிதி மசோதாவோடு ஒரு திருத்தம் சேர்த்துவிட்டார்கள். பணம் வேண்டுமானால் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். கையெழுத்துக்குக் கடைசி நாள் வருவதற்குள் வனத்துறை ஆட்கள் இரவு பகலாக எல்லைகளை வரைந்து கொடுக்க, ரூஸ்வெல்ட் 1 கோடியே 60 லட்சம் ஏக்கரை அறிவித்துவிட்டு, அப்புறம் அந்த மசோதாவில் கையெழுத்திட்டார். நள்ளிரவுக் காடுகள் என்று பெயரே வந்துவிட்டது.

இதை 1897-ஓடு வைத்துப் பாருங்கள். இரண்டும் கடைசி நேர அறிவிப்பு. இரண்டுக்கும் மேற்கில் ஒரே எதிர்ப்பு. முதலாவதை நிறுத்தி வைத்தார்கள், இரண்டாவது நின்று நிலைத்தது. இடையில் என்ன மாறியது? பத்து வருடத் தபால்.

ஜனவரி 11, பின்னிரவு

மேலே எழுதியது கொஞ்சம் வேகமாக எழுதியது. தபால் மட்டும் இல்லை. 1897-ல் பதவி முடிந்து போகிற ஜனாதிபதி, 1907-ல் செல்வாக்கின் உச்சியில் இருந்த ஜனாதிபதி. அது பெரிய வித்தியாசம். ஆனால் அந்தச் செல்வாக்கும் பாதி பத்திரிகையால் வந்ததுதான், ரூஸ்வெல்ட் நிருபர்களை வைத்துக்கொண்ட விதம் அப்படி. சரி, இதை இத்துடன் விடுகிறேன்.

ஜனவரி 12

கோவையிலிருந்து எழுதும் ஐயா ஒருவர் கேட்கிறார், "அந்தக் 'கன்சர்வேஷன்' என்ற சொல் பின்ஷோ உருவாக்கியது என்று படித்தேன், சரியா?"

பாதி சரி. பின்ஷோவே எழுதியிருக்கிறார்: 1907-ல் ஒரு நாள் வாஷிங்டனின் ராக் கிரீக் பூங்காவில் குதிரையில் போய்க்கொண்டிருந்தபோது, காடு, ஆறு, மண், மேய்ச்சல் எல்லாம் தனித்தனிப் பிரச்சினை இல்லை, ஒரே பிரச்சினையின் கிளைகள் என்று தோன்றியதாம். அதற்கு ஒரு பெயர் வேண்டும். உடன் வேலை பார்த்த ஓவர்ட்டன் பிரைஸோடு பேசும்போது இந்தச் சொல் வந்தது. எங்கிருந்து? பிரிட்டிஷ் இந்தியாவில் வனப் பிரிவுகளுக்குக் 'கன்சர்வன்சி' என்று பெயர், அதன் தலைமை அதிகாரி 'கன்சர்வேட்டர்'. அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தெரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை. பின்ஷோ ஐரோப்பாவில் வனவியல் படிக்கப் போனபோது வழிகாட்டியவர் டீட்ரிஷ் பிராண்டிஸ். பர்மாவில் பெகு தேக்குக் காடுகளைப் பார்த்துக்கொண்டவர், 1864-ல் இந்தியாவின் முதல் வன இன்ஸ்பெக்டர் ஜெனரல். நம்முடைய 1882-ஆம் வருட மதராஸ் வனச் சட்டத்துக்கு ஆலோசனை சொன்னவரும் அவரே. அதற்கும் முன்னால், 1856-லேயே மதராஸ் மாகாணத்தில் ஹியூ கிளெக்ஹார்ன் கன்சர்வேட்டர். இன்றைக்கும் நம் வனத்துறையில் அந்தப் பதவி அப்படியே இருக்கிறது, தமிழில் வனப் பாதுகாவலர். நம் மேற்குத் தொடர்ச்சி மலை அதிகாரியின் பெயர்ப்பலகையில் இருந்த சொல் அமெரிக்காவுக்குப் போய் ஒரு இயக்கத்தின் பெயராகித் திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு ஞாபகமும் உண்டு. மலைச்சரிவில் வெட்டி எரித்து விதைத்தவர்களின் குமரி சாகுபடியைத் தடுக்க முனைந்தவர்களில் கிளெக்ஹார்னும் ஒருவர். சொல் கடல் தாண்டிப் போனபோது அந்த ஞாபகம் கூடப் போகவில்லை. இது எனக்கு எழுதும்போதுதான் உறைத்தது. இதற்குத் திரும்ப வருவேன்.

ஜனவரி 13

சொல் கிடைத்ததும் அதை ஊருக்குச் சொல்ல வேண்டுமே. 1907 அக்டோபரில் ரூஸ்வெல்ட், நீர்வழி ஆணையத்தோடு மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகில் இறங்கினார். அயோவாவின் கியோகக்கில் ஏறி மெம்ஃபிஸில் இறங்கினார். கரையெங்கும் கூட்டம். மெம்ஃபிஸில் வைத்து, மாநில ஆளுநர்கள் எல்லோரையும் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப் போவதாக அறிவித்தார். 1908 மே 13 முதல் 15 வரை அந்த மாநாடு. எஃகு முதலாளி கார்னகி, ரயில்வே முதலாளி ஜேம்ஸ் ஹில், தொழிற்சங்கத் தலைவர் ஜான் மிட்செல், அதற்குள் இரண்டு தடவை ஜனாதிபதி தேர்தலில் நின்றிருந்த பிரையன், எல்லோரும் ஒரே அறையில். நாடு முழுக்க முதல் பக்கம்.

ஜான் ம்யூருக்கு அழைப்பில்லை.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ம்யூரும் எழுத்தால்தான் காட்டைக் காப்பாற்றியவர். 1890-ல் செஞ்சுரி இதழின் ஆசிரியர் ராபர்ட் அண்டர்வுட் ஜான்சன் கேட்டுக்கொண்டதால் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பற்றி ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இரண்டு கட்டுரை எழுதினார். அக்டோபர் 1-ஆம் தேதி யோசெமிட்டி தேசியப் பூங்கா ஆனது. கட்டுரை எழுதி ஒரே மாதத்தில் பூங்கா! பின்ஷோவுடைய தபாலுக்கும் முந்தியது அது. ஆனால் ம்யூருக்குக் காடு ஒரு கோயில், பின்ஷோவுக்கு அது ஒரு வயல், கவனமாக அறுத்தால் என்றைக்கும் விளையும். அதே யோசெமிட்டிக்குள் இருக்கும் ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்டி சான்பிரான்சிஸ்கோவுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்ற சண்டையில் பின்ஷோ அணை பக்கம் நின்றார். 1913 டிசம்பரில் சட்டமாகிப் பள்ளத்தாக்கு மூழ்கத் தீர்ப்பானது. மறுவருடம் டிசம்பரில் ம்யூர் இறந்தார்.

பிரசாரம் ஒரு பெரிய கூடாரம் போட்டால் யாருக்கு நாற்காலி போடுவது என்பதையும் அதுவே முடிவு செய்துவிடுகிறது. முதல் நாள் இதை நான் யோசிக்கவில்லை தம்பி.

ஜனவரி 13, இரவு

படங்களைப் பற்றிக் கேட்டவருக்கு: 1908 டிசம்பரில் ரூஸ்வெல்ட் காங்கிரஸுக்கு அனுப்பிய ஆண்டறிக்கையோடு புகைப்படங்கள் போயின. வட சீனாவின் மொட்டை மலைகள். விவசாயத் துறைக்காகச் செடி விதை சேகரிக்கச் சீனா போன ஃபிராங்க் மேயர் எடுத்தவை. மரம் போனால் மண் போகும், மண் போனால் ஊர் போகும் என்று பக்கம் பக்கமாக எழுதுவதை அந்தப் படங்கள் சொல்லிவிட்டன. அதற்கும் முன்னால் பென்சில்வேனியாவில் டாக்டர் ஜோசப் ரோத்ராக், மருத்துவர், தாவரவியலாளர், ஊர் ஊராகப் போய் விளக்கொளிப் படம் காட்டிப் பேசினார். இருட்டு அறை, ஒரு வெள்ளைத் துணி, வெட்டப்பட்ட மலை. நம் ஊர் கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைத் துணியின் பலம் தெரியும்.

ஜனவரி 15

இப்போது எனக்குப் பிடிக்காத பகுதி.

பஞ்சம். மரப்பஞ்சம். 1905 மாநாட்டில் ரூஸ்வெல்ட் சொன்னார்: இப்படியே வெட்டினால் மரப்பஞ்சம் தவிர்க்க முடியாதது. 1907-ல் வனத்துறையின் சர்க்குலர் ஒன்று கையிருப்பையும் வெட்டும் வேகத்தையும் வகுத்துக் கணக்குப் போட்டது. இருபது முப்பது வருடத்தில் தீர்ந்துவிடும் என்ற பேச்சு பத்திரிகைகளில் வரிக்கு வரி பரவியது.

பஞ்சம் வரவில்லை. அந்தக் காலகட்டத்திலேயே ஆளுக்கு இத்தனை மரம் என்ற பயன்பாடு உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. செங்கல், சிமென்ட், எஃகு வந்தன. ரயில் பாதைக் கட்டைகளுக்கு கிரியோசோட் எண்ணெய் ஏற்றி அவை பல மடங்கு உழைக்கும்படி செய்தார்கள். வெட்டிய காடும் திரும்ப முளைத்தது.

வெள்ளத்திலும் இதே கதை. காடு இருந்தால் வெள்ளம் வராது என்பது பிரசாரத்தின் பெரிய வாக்குறுதி. 1908-ல் ராணுவப் பொறியாளர் ஹைரம் சிட்டெண்டன் எழுந்து, மண்ணைக் காடு காக்கிறது என்பது சரி, ஆனால் பெரு மழையில் பெரு ஆற்றின் வெள்ளத்தைக் காடு தடுத்துவிடும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று எழுதினார். வனத்துறைக்காரர்களுக்குக் கோபமான கோபம். ஆனாலும் 1911-ல் கிழக்கு மாநிலங்களில் காடு வாங்க வழி செய்த வீக்ஸ் சட்டம் ஆற்று நீரோட்டத்தைக் காப்பது என்ற வாதத்தின் தோளில்தான் ஏறி வந்தது.

சட்டம் நல்லது. அதனால் மீண்ட காடுகள் கிழக்கே அப்பலாச்சியா மலைப்பகுதியில் இன்றைக்கும் நிற்கின்றன. ஆனால் மிகைப்படுத்திச் சொல்லி வாங்கிய நல்லது. இது சரியா தவறா என்று முடிவுக்கு வர முடியாமல் இரண்டு நாள் இதை எழுதாமலே வைத்திருந்தேன். பஞ்சம் என்ற சொல்லை மேடையில் ஏற்றியவர்கள் அதை நம்பினார்கள் என்றே நினைக்கிறேன். நம்பினதால்தான் சந்தேகிக்கவில்லை.

ஜனவரி 16

"1908-ல் காங்கிரஸ் வனத்துறையின் பத்திரிகைப் பிரிவை மூடிவிட்டது" என்று ஒரு பதிலில் எழுதியிருந்தேன். தவறு, திருத்துகிறேன். வயோமிங் உறுப்பினர் ஃபிராங்க் மாண்டெல் கொண்டுவந்த தடை அந்த வருட நிதிச் சட்டத்தில் சேர்ந்தது: பத்திரிகைக்கோ இதழுக்கோ கட்டுரை தயாரிக்க இந்தப் பணத்தில் ஒரு காசும் செலவழிக்கக் கூடாது. ஆனால் அதே வரியில் ஒரு சலுகையும் இருந்தது. பொதுமக்களுக்குப் பயனுள்ள தகவலைப் பத்திரிகைக்காரர் உட்பட யாருக்கும் பாரபட்சமின்றித் தரலாம். அந்தச் சந்து போதும். கட்டுரை என்று சொல்லாமல் தகவல் என்று போகத் தொடங்கியது. மூடவில்லை, பெயர் மாறியது.

ஒரு பத்திரிகைக் குறிப்பை நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது என்றால் அது எவ்வளவு வேலை செய்திருக்கும்!

கடைசியில் பின்ஷோவைக் கவிழ்த்ததும் பத்திரிகைதான். ரூஸ்வெல்ட்டுக்குப் பின் வந்த டாஃப்ட்டின் உள்துறைச் செயலர் பாலிஞ்சர், அலாஸ்கா நிலக்கரி நிலங்களைத் தனியாருக்கு விட வழிசெய்கிறார் என்று லூயி கிளாவிஸ் என்ற அதிகாரி குற்றம் சாட்டினார். 1909 நவம்பரில் காலியர்ஸ் இதழில் கட்டுரை வந்தது. கிளாவிஸுக்கு உதவியதில் வனத்துறையின் பிரைஸுக்கும் ஷாவுக்கும் பங்கு இருந்தது. அவர்களுக்கு ஆதரவாகப் பின்ஷோ செனட்டர் ஒருவருக்கு எழுதிய கடிதம் செனட்டில் வாசிக்கப்பட்டது. மறுநாள், 1910 ஜனவரி 7, டாஃப்ட் அவரை வேலையிலிருந்து நீக்கினார். பின்ஷோவோடு 'கன்சர்வேஷன்' என்ற சொல்லைப் பேசிப் பார்த்தாரே, அதே பிரைஸ்.

ஜனவரி 18

குமரி சாகுபடியைச் சொன்னபோது திரும்ப வருவேன் என்றேன். இப்போது தீ.

1910 ஆகஸ்ட் 20, 21. ஐடஹோவிலும் மொன்டானாவிலும் இரண்டே நாளில் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. தீயணைக்கப் போனவர்களில் 78 பேர் இறந்தார்கள். வாலஸ் ஊருக்குப் பக்கத்தில் எட் புலாஸ்கி என்ற வனச்சரகர் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை ஒரு சுரங்கக் குகைக்குள் ஓட்டிக்கொண்டு போய், வாசலில் ஈரக் கம்பளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து பேர் போக மற்றவர்கள் பிழைத்தார்கள். அவர் கண்ணும் நுரையீரலும் கெட்டன.

பட்ஜெட்டுக்குத் தவித்துக்கொண்டிருந்த துறைக்கு அந்தத் தீ ஒரு கதையைக் கொடுத்தது. எதிரி கிடைத்தான், வீரன் கிடைத்தான். அதன் பின் எல்லாத் தீயும் எதிரி. 1935-ல், எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்று உத்தரவு. 1944-ல் தொப்பி போட்ட கரடி ஸ்மோக்கி வந்து குழந்தைகள் மனத்திலும் எழுதிவிட்டது.

நடுவில் கலிஃபோர்னியாவில் சிலர் சொன்னார்கள், பூர்வகுடிகள் செய்தது போல அவ்வப்போது லேசாக எரித்துவிட்டால் பெருந்தீ வராது என்று. வனத்துறையார் அதற்குப் 'பையூட் வனவியல்' என்று ஒரு கேலிப்பெயர் வைத்தார்கள். பையூட் என்பது அங்குள்ள ஒரு பழங்குடி. பின்னாளில் சூழலியல் சிந்தனையாளராகப் புகழ்பெற்ற ஆல்டோ லியோபோல்டே, அப்போது வனத்துறையில் இருந்தவர், 1920-ல் அதை எதிர்த்து எழுதினார். அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான் துறை மனம் மாறி, தானே தீ வைத்து எரிக்கத் தொடங்கியது. அதற்குள் எரியாமல் சேர்ந்த சருகும் புதரும் மலை மலையாகக் கிடந்தன.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், அந்தக் கேலிப்பெயரை அச்சில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன் மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

தொண்ணூறுகளில் ஒரு மாசி மாதம். அதே பத்தே கால், அதே காலி இடம். தட்டிலிருந்து ஒரு குறிப்பை எடுத்தேன். மலையடிவாரத்தில் தீ, மேய்ச்சல்காரர்கள் வைத்தது, நடவடிக்கை எடுக்கப்படும், ஊர்ப்பெயரோடு. சுத்தமான வாக்கியங்கள். அப்படியே வைத்தேன்.

நான்கு நாள் கழித்து ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. பைக்குள்ளிருந்து அந்தப் பக்கத்தை எடுத்தார். டீக்கடையில் யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டு, அந்த இடத்தில் அடையாளத்துக்கு மடித்து வைத்திருந்தார். மடிப்பு சரியாகத் தலைப்பின் மேல் விழுந்திருந்தது.

"ஏனுங் தம்பி, எங்க ஊர்ப் பேரு போட்டிருக்குதுங்களே. எங்கள்ல யாருகிட்டங்க கேட்டீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அப்புறம் நின்றபடியே சொன்னார். மார்கழி தை முடியப் பனி இருக்கும்போதே புல்லைப் பத்தி பத்தியாக எரித்துவிடுவார்களாம். அவருடைய அப்பா காலத்துப் பழக்கம். அதைத் தடுத்ததிலிருந்து சித்திரையில் வருகிற தீ நிற்பதில்லை என்றார். அந்த வருடத் தீயை யார் வைத்தார்கள் என்று அவருக்கும் தெரியாது, குறிப்பை எழுதியவருக்கும் தெரிந்திருக்காது. திருத்தம் போட வேண்டும் என்று மேலே கேட்டேன். துறையிலிருந்து மறுப்பு வரவில்லையே, வந்தால் போடலாம் என்று பதில். போடவில்லை. நான் மறுபடி கேட்கவும் இல்லை. அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். பையை மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஜனவரி 19

நேற்று எழுதியதற்கு நிறையப் பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள். நன்றி. ஒரே ஒருவர் கேட்டதுதான் முக்கியமானது: "அப்படியென்றால் பிரசாரம் வேண்டாம் என்கிறீர்களா?" இல்லை. பின்ஷோவின் தபால் இல்லாவிட்டால் அந்த 17 கோடி ஏக்கரில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அந்தத் தபால் ஒரே திசையில் போனது. அதைத்தான் சொல்கிறேன்.

ஜனவரி 22

தம்பி, நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் வரைவைப் பார்த்தேன். அடிப்பது என்று முடிவெடுத்ததில் சந்தோஷம். முதல் பத்தி நன்றாக இருக்கிறது, கரட்டின் பெயரில் தொடங்குவது சரி. பறவைக் கணக்கைப் பின்னால் கொண்டுபோங்கள், சுனையை முன்னால் வையுங்கள், ஊரில் எல்லோருக்கும் அந்தச் சுனை தெரியும்.

மூன்றாவது பத்தியில் "இன்னும் இருபதே ஆண்டில் இப்பகுதியில் குடிநீர் முற்றிலும் வற்றிவிடும்" என்று இருக்கிறது. அந்த இருபது எங்கிருந்து வந்தது? உங்கள் கணக்கேட்டில் இல்லை. எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் கிழக்குச் சரிவில் எத்தனை கிணறு, போன கோடையில் எதில் எத்தனை அடி தண்ணீர் என்று அளந்து போடுங்கள்.

கரட்டில் ஆடு மேய்ப்பவர்கள் பற்றி வரைவில் ஒரு சொல்கூட இல்லை. எத்தனை வீடு, என்ன சொல்கிறார்கள்? குவாரி வந்தால் கூலி கிடைக்கும் என்று சொன்னால் அதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். சனிக்கிழமைக்குள் அனுப்பினால் ஞாயிறு காலை மெய்ப்பு பார்த்துத் தருகிறேன்.